செல்லைப் பெயர்க்க நாற்பது நிமிடம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் கைராசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினேழு வருடமாக அங்கே செல் வளர்க்கிறார். மாணவர்கள் வருவார்கள், ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டத்தோடு போவார்கள். இவர் மட்டும் அதே முக்காலியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வளர்த்தால் நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கிற செல், இவர் கை பட்டால் குடுவை நிறையப் பரவும்.

"அதுங்களுக்குப் பாட்டு கீட்டு பாடுறீங்களா?" என்று கேட்டுக் கிண்டல் செய்வார்கள்.

"பாட்டெல்லாம் ஒண்ணுமில்ல. அதுங்ககூட சண்டைக்குப் போறதில்ல, அவ்ளோதான்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து உட்காரும்.

இந்தப் பெருமைதான் பிறகு தொண்டையில் முள்ளாக நின்றது.

அவர் வளர்த்தது ஸ்டெம் செல். இன்னும் எதுவாகவும் ஆகாத செல். எலும்பாகலாம், கொழுப்பாகலாம், குருத்தெலும்பாகலாம். எதுவாக ஆவது என்று அது தானாக முடிவு செய்யாது. வெளியிலிருந்து ஒரு சேதி வரவேண்டும். அந்தச் சேதியை வாங்கிக்கொள்ள செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கும். இதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னது சின்ன டாக்டர்தான். முப்பத்தைந்து வயதுப் பெண். கூடத்து டாக்டர்களில் எல்லாரையும்விட வயதில் சின்னவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"வீட்டுச் சுவத்துல தபால் பெட்டி மாட்டியிருப்பாங்கல்ல, அந்த மாதிரிண்ணா. பாதி உள்ள, பாதி வெளிய. கடுதாசி வெளிப்பாதில விழுந்தாத்தான் உள்ள இருக்கறவனுக்குத் தெரியும், சரி, நாம எலும்பாகணும்னு. பெட்டியையே பேத்துட்டா? கடுதாசி தெருவுலதான் கெடக்கும். அவன் பாட்டுக்கு உள்ள சும்மா உக்காந்திருப்பான்."

"அப்ப எங்க வீட்ல நான் மாதிரின்னு சொல்லுங்க. எவ்ளோ சொன்னாலும் உள்ள போகாதுன்னு எங்க வீட்டம்மா சொல்லுவா."

சின்ன டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவருடைய ஆராய்ச்சியே அந்தத் தபால் பெட்டியைப் பற்றியதுதான். ஒரு குறிப்பிட்ட ஏற்பி நிறைய இருக்கிற செல்லாகப் பார்த்து, நாலே மணி நேரம் எலும்புச் சேதியைக் கொடுத்துக் கழுவிவிட்டால் போதும், மூன்று வாரத்தில் அது எலும்பாகிவிடும் என்று காட்டியிருந்தார். உடைந்து சேராமல் கிடக்கிற எலும்புக்காரர்களுக்கு ஒரு நாள் உதவும் என்று கனவு. முதல் வருடம் ஏற்பியை எண்ணி வரைந்த படம் அற்புதமாக வந்தது. பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் அதோடு அவருடைய கட்டுரை வெளியானது. கூடத்தின் தலைவர், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிற ஆள், அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார்.

இப்போது மூன்று மாதமாக எதுவும் வரவில்லை. ஏற்பியும் இல்லை, எலும்பும் இல்லை.

காரணம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான்.

ஸ்டெம் செல் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். சோதனைக்கு எடுக்க வேண்டுமானால் அடியிலிருந்து பெயர்க்க வேண்டும். அதற்கு வழி இரண்டு. ஒன்று, மெதுவான கரைசல். அதை ஊற்றி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குடுவையின் விலாவில் உள்ளங்கையால் தட்ட வேண்டும். எழுந்து போகக் கூடாது. இன்னொன்று, நொதி. ஊற்றி ஐந்தே நிமிடம், மொத்தமும் கழன்று வந்துவிடும். ஆனால் அந்த நொதி ஒட்டிப் பிடித்திருப்பதை மட்டும் கடிக்காது. செல்லுக்கு வெளியே எதெது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதையும் சேர்த்து வழித்துவிடும். ஏற்பி மறுபடி முளைக்க ஒரு நாளாவது ஆகும். சின்ன டாக்டருக்கோ அன்றைக்கே ஏற்பியை எண்ண வேண்டும், அன்றைக்கே சேதியைக் கொடுக்க வேண்டும். அதனால் 'நொதி வேண்டாம்' என்று தன் கையாலேயே எழுதி, தடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார்.

அந்தக் காகிதத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் கைராசி நொதியை ஊற்றினார்.

பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் பிற்பாடு சொல்லவாவது வசதியாக இருந்திருக்கும். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியாமல் இல்லை. காரணம் நாலு நாற்பது பஸ். அது அந்த நிறுத்தத்திலிருந்தே கிளம்புகிற பஸ், ஜன்னலோரம் பார்த்து உட்காரலாம். அதை விட்டால் ஐந்து இருபதுக்குத்தான். அது எங்கிருந்தோ பிதுங்கிக்கொண்டு வரும், ஒரு மணி நேரம் ஒற்றைக் காலில் தொங்க வேண்டும். அவருக்கு வலது முழங்கால் தேய்மானம். அப்படி ஒரு நாள் முட்டி ரொம்பப் படுத்தியது. ஒரு தரம்தானே என்று நொதியை எடுத்தார். செல் பளபளவென்று உருண்டையாக, உயிரோடு வந்தது. பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

பதிவேட்டில் கை தன்பாட்டுக்கு எழுதியது: 'மெதுவான கரைசல், 40 நிமிடம்'. முதல் தரம் எழுதியது பழக்கம். மூன்றாம் தரம் எழுதியது அவர்.

எலும்பு வந்ததா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. செல்லைக் கொடுத்தால் அவர் பொறுப்பு முடிந்தது. ஏதோ சரியில்லை என்று மனசின் ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் அவர் விளக்குப் போடவில்லை.

ஏற்பியை எண்ணுகிற லேசர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மெஷின் அக்கா. ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் நடையில் அவரை மறித்தார்.

"யோவ் கைராசி, உன் செல்லுங்க எல்லாம் மொட்டை போட்டுட்டு வந்து நிக்குதுய்யா. ஒண்ணுமேல ஒரு ஏற்பி இல்ல. என்னத்த வெச்சு எடுத்த?"

"வழக்கம்போலத்தான்க்கா."

"நாப்பது நிமிஷம்?"

"நாப்பது நிமிஷம்."

மெஷின் அக்கா அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "அப்ப என் மெஷினுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பாவம், இரண்டு நாள் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுத் துடைத்தார்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம். வீட்டில் பால் அடிப்பிடித்துவிட்டது, அதுவும் புதிதாக வாங்கிய ஒட்டாத பாத்திரத்தில். மனைவி ஃபோனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். உதவி செய்வோமே என்று கைராசி இரும்பு நாரை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். கருகல் போய்விட்டது. கூடவே பாத்திரத்தின் கறுப்புப் பூச்சும் செதில் செதிலாகத் தண்ணீரில் மிதந்தது.

மனைவி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்தார். "ஐயோ, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க! ஒரு அரை மணி ஊற வெச்சா தானா கழண்டு வரும்ல? அப்படி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறீங்க?"

அவர் இரும்பு நாரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லக்கா, உன் கொழுந்தனார் பாத்திரம் தேய்க்கறார்" என்று மனைவி ஃபோனில் சிரித்தார். "இனிமே அதுல எத வெச்சாலும் அடிப்பிடிக்கும்."

கைராசி குழாயை மூடக்கூட மறந்து நின்றார். மூடிவைத்த மூலையில் யாரோ வந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். எத்தனை தரம் என்று விரல் விட்டு எண்ணினார். பதினொன்று.

வியாழக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். சின்ன டாக்டரே முந்திக்கொண்டு இரண்டு டீயோடு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அண்ணா, நாளைக்கு மூணு மணிக்கு மீட்டிங். பெரியவர், வெளியிலேருந்து ரெண்டு பேர். முதல் வருஷப் படம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க."

"எப்படி வந்துச்சுன்னா?"

"நான் எதாவது தில்லுமுல்லு பண்ணியிருப்பேனோன்னு. நேரா சொல்லல. திருப்பிப் பண்ணா வரலைன்னா வேற என்ன நெனப்பாங்க?" டீயை ஊதினார், குடிக்கவில்லை. "நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்ணா. செல்லை எப்படி எடுத்தீங்கன்னு கேப்பாங்க, சொல்லுங்க. மெஷின், மருந்து, கணக்கு, என் மூளை, எல்லாத்துமேலயும் எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. உங்க கை ஒண்ணுமேலதான் இன்னும் வரல."

அவர் சொல்ல வாயைத் திறந்தார். "சக்கரை கம்மியா இருக்கு" என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை நீளமான மேஜை. அவரை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர், குளிர்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தவர், பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒரே ஆள்தான் எல்லா தடவையும் எடுத்திருக்கார். நீங்கதானே?"

"ஆமா சார்."

"முதல் வருஷமும் இப்பவும் ஒரே மாதிரி?"

அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டர் நம்பிக்கையோடு திரும்பி அவரையே பார்த்தார். பெரியவர் பேனாவைத் தட்டினார். அத்தனை பேரும் காத்திருக்க, நாக்கு புதிதாக ஒரு வழி தேடாமல் பழகிய வழியிலேயே போனது.

"வழக்கம்போலத்தான் சார். நாப்பது நிமிஷம்."

அவ்வளவுதான். வந்தவர் பதிவேட்டை மூடிவிட்டார்.

"இதுல எனக்குக் கேள்வியே இல்ல" என்றார் பெரியவர். "இவர் பதினேழு வருஷ ஆள். அப்ப முதல் படம் எங்கேருந்து வந்துச்சும்மா?"

சின்ன டாக்டர் தன் முன்னால் இருந்த தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, "தெரியல சார்" என்றார். "நான் அந்தக் கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறேன். லெட்டர் இன்னிக்கே எழுதிடறேன்."

கட்டுரையைத் திரும்ப வாங்குவது என்றால், அதில் சொன்னது செல்லாது என்று எழுதியவரே அறிவிப்பது; அதன் பலன் என்ன என்று கைராசிக்குத் தெரியும். அப்படிச் செய்த ஒருத்தரை அதற்குப் பிறகு எந்தக் கூடத்திலும் அவர் பார்த்ததில்லை.

வெளியே வரும்போது மணி நாலரை. கால் தானாக நிறுத்தத்துக்கு நடந்தது. நாலு நாற்பது காலியாக நின்றுகொண்டிருந்தது, ஏறினார். ஜன்னலோரம், வெயில் படாத பக்கம், அவருடைய இடம். அவர் அதன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பியும் நின்றுகொண்டே இருந்தார்.

பின் இருக்கையிலிருந்து ஒருவர், "உக்காருங்க சார், சீட்டு கடிக்காது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் முகம் காது வரைக்கும் சுட்டது. இந்த இடத்துக்காகத்தான். இந்த ஒன்றரை அடி அழுக்கு மெத்தைக்காகத்தான் ஒரு பெண் அங்கே தன் பெயரைத் தானே அடித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். திரும்பி வர ஒன்றரைக் கிலோமீட்டர். முட்டி ஒவ்வொரு அடிக்கும் கடுக் கடுக்கென்றது. வலிக்கட்டும் என்று நடந்தார்.

சின்ன டாக்டர் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் நாலு வரி இருந்தது.

"பஸ் போயிடுச்சாண்ணா?"

"நான் நொதியிலதாம்மா எடுத்தேன்."

சின்ன டாக்டருக்குப் புரியவில்லை. "என்னது?"

"செல்லை. மூணு மாசமா. நொதி ஊத்தி, அஞ்சு நிமிஷத்துல. சீக்கிரம் போறதுக்காக. புத்தகத்துல நாப்பதுன்னு எழுதினேன். அங்கயும் பொய்தான் சொன்னேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தார். காறித் துப்பினால்கூட வாங்கிக்கொள்கிற நிலையில்தான் நின்றார். சின்ன டாக்டர் நாற்காலியை மெதுவாக இவர் பக்கம் திருப்பினார்.

"எத்தன தடவ?"

"பதினொண்ணு."

"எந்தத் தேதியிலேருந்து?"

சொன்னார். சின்ன டாக்டர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீக்கிரம் எங்க போறதுக்கு?"

இந்தக் கேள்வி மட்டும் வரக் கூடாது என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பஸ்ல சீட்டு கிடைக்கும்மா. நாலு நாப்பதுல."

சின்ன டாக்டர் சிரித்துவிடுவார் போலத்தான் முகம் போனது. சிரிப்பு வரவில்லை. "நான் என்னையே நம்பலண்ணா" என்றார் மெல்ல. "முதல் வருஷப் படத்த நானே ஏதாவது பண்ணிட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சேன். ராத்திரி எழுந்து பழைய ஃபைலெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சோன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன். முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உக்காந்து தட்டியிருப்பேனே?"

கைராசியின் தலை தானாகத் தொங்கியது. அவருடைய செருப்பில் வழியின் புழுதி இருந்தது. துடைக்காமல் உள்ளே வந்துவிட்டோமே என்று அப்போது போய்த் தோன்றியது.

"குடுவை இருக்கா?" என்றார் சின்ன டாக்டர்.

"ரெண்டு இருக்கு. தயாரா இருக்கு."

"ஒண்ணுல நொதி, ஒண்ணுல கரைசல். இப்பவே எடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

பதினேழு வருடத்தில் அவர் பக்கத்தில் யாரும் காவல் நின்றதில்லை. முதல் குடுவை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதில் கரைசலை ஊற்றினார். ஐந்தாம் நிமிடம் உள்ளங்கையால் தட்டினார். பத்தாம் நிமிடம் தட்டினார். சின்ன டாக்டர் சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தாம் நிமிடம் செல்கள் திட்டுத் திட்டாக, விருப்பமில்லாமல் எழுந்து வருகிற மாதிரி அடியை விட்டு வந்தன. நாற்பது நிமிடம் என்பது இவ்வளவு நேரம்தான். இவ்வளவுதான் அவர் மிச்சம் பிடித்தது.

மெஷின் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சின்ன டாக்டர் இரண்டே வரியில் சொன்னார். மெஷின் அக்கா பையைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு நாள் என் மெஷினக் கழுவ வெச்சியேடா பாவி" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அவரிடம் அதற்கு மேல் திட்டு இல்லாமல் போவது அதுதான் முதல் தரம்.

சாயம் ஏற்றி, கழுவி, இயந்திரத்தில் விட்டபோது ஆறே முக்கால். நொதியில் எடுத்தது திரையின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, ஏற்பி இல்லாத செல்களின் குவியல். கரைசலில் எடுத்தது வலது பக்கம் போய் மலை மாதிரி எழுந்தது. முதல் வருடப் படத்தில் இருந்த அதே மலை.

யாரும் கை தட்டவில்லை. சின்ன டாக்டர் திரையைத் தொட்டார், நிஜமாகவே விரலால் தொட்டார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மெஷின் அக்கா அவர் முதுகில் கை வைத்தார். கைராசி கதவோரம் நின்றார். உள்ளே வரவும் உரிமை இல்லை, போகவும் மனசு இல்லை.

திங்கட்கிழமை பெரியவர் அவரைக் கூப்பிட்டார். மூன்று தரம் திருப்பிச் செய்து காட்டினால் கட்டுரை நிற்கும் என்று வெளியாட்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கைராசிக்கு எச்சரிக்கைக் கடிதம். அதைவிடப் பெரியது ஒன்று மேஜையில் இருந்தது. பதிவேடு.

"திருத்தி எழுதணும்" என்றார் பெரியவர். "எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

வேண்டியதில்லைதான். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆராய்ச்சிக்கூடப் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே என்ன இருந்தது என்று யாரும் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து.

தன் முக்காலியில் உட்கார்ந்து முதல் வரியை எடுத்தார். 'மெதுவான கரைசல், 40 நிமிடம்'. அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். பக்கத்தில் 'நொதி, 5 நிமிடம்' என்று எழுதினார். பொய் கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. அவருடைய கையெழுத்து எப்போதும் அழகு. அடுத்த வரி. அதற்கடுத்தது. ஏழாவதில் கண்ணாடி மங்கிவிட்டது, கழற்றித் துடைத்துக்கொண்டார். நடையில் போகிறவர்கள் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால்கூடத் தேவலை.

பதினோராவது வரி முடிந்ததும் சின்ன டாக்டர் வந்தார். ஒவ்வொன்றையும் படித்து, தன் கையெழுத்தையும் போட்டார். பிறகு இன்னொரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்குதும்மா."

"முதல் குடுவைய எடுங்க."

கரைசலை ஊற்றினார். ஜன்னல் வழியாக நாலு நாற்பது கிளம்பிப் போவது தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள முயற்சி செய்யவில்லை. ஐந்தாம் நிமிடம் குடுவையின் விலாவில் தட்டினார்.

"அஞ்சு" என்றார் கைராசி.

சின்ன டாக்டர் கடிகாரத்தைத் தானும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.